வேனுக்கு முன்னால் அரை டம்ளர் தண்ணீர்

இது வெளிக்குப் போவதைப் பற்றிய கதை. சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். என் மகளும் முதலில் சிரித்தாள். அவள் இப்போது நான்காவது படிக்கிறாள். உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுதிக்கொள், ஆனால் என் பெயர் வரக்கூடாது என்றாள். பிறகு திரும்பி வந்து, உன் பெயரும் வேண்டாம், உன் பெயரைப் போட்டால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். அதனால்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வயிறு கட்டிக்கொண்டால் வலிப்பது உங்களுக்கு. ஜட்டியில் பட்டுவிட்டால் தலையைக் குனிந்துகொள்வதும் நீங்கள்தான். ஆனால் அந்த வெட்கம் உண்மையில் யாருடையது என்று ஒரு தடவை எனக்குத் தெரிந்துபோனது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு சீட் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. மெத்தை மாதிரி இருக்கும் ஃபோம் மேல் தைத்த உறையை இழுத்து மாட்டி, அடியில் கிளிப் போடவேண்டும். சீட்டுகள் லைனில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். என் முன்னால் ஒன்று வரும், முடிப்பேன், அது போகும், அடுத்தது வரும். நான் இடத்தை விட்டு நகர்ந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் எனக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அதனால் பாத்ரூம் போகவேண்டுமென்றால் தலைக்கு மேல் தொங்குகிற சுவிட்சை அமுக்கவேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். ரிலீவர் என்று ஒருவர் வந்து என் இடத்தில் நின்று என் வேலையைப் பார்ப்பார். நான் போய்விட்டு வரலாம்.

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. போகாதே என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விளக்கு எரிந்தால் லைன் முழுவதும் திரும்பிப் பார்க்கும். "இன்னாபா, வூட்லயே முடிச்சிக்கினு வர மாட்டியா?" என்று யாராவது கேட்பார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்பார்கள். நானும் மற்றவர்களைக் கேட்டிருக்கிறேன். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்களில் பலபேர் தண்ணீர் குடிப்பதில்லை. டீ குடித்தாலும் பாதி டீதான். இது யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்து ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

எனக்கு இதில் பெருமை வேறு. வீட்டில் சாப்பிட உட்காரும்போது, லைனில் எல்லாரும் விளக்குப் போடுவார்கள், உன் அப்பன் ஒருத்தன்தான் போட்டதே இல்லை என்று மகளிடம் சொல்வேன். அப்போது அவள் யு.கே.ஜி. சோற்றை வாயில் வைத்தபடியே மெல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் குடியிருப்பது வல்லம் வடகாலில். நான் மணிமங்கலத்துப் பக்கத்துக்காரன். கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தே போகலாம் என்று இங்கே வீடு எடுத்தோம். ஒரே வரிசையில் ஆறு போர்ஷன். பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்தான் முதலில் உள்ளே போகலாம். அடுத்த பஸ்காரர் அடுத்து. பஸ் இல்லாதவர்கள், அதாவது பிள்ளைகள், எல்லாரும் கிளம்பிய பிறகு. இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. குழாயடியில் வாளிகள் நிற்கிற வரிசையே சொல்லிவிடும்.

பெரியவர்கள் எல்லாரும் கிளம்பி முடிக்கிற நேரத்தில்தான் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். என் மனைவி பேக்கிங் கம்பெனிக்குப் போகிற ஷேர் ஆட்டோவும் அப்போதுதான் வரும். ஆக, என் மகளுக்கு என்று ஒரு நேரமே இல்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னுடைய முறை வரும்போது அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி முதலில் உள்ளே உட்காரவைத்துவிடுவது.

அந்தக் கக்கூஸ் பெரியவர்களுக்குக் கட்டியது. கால் வைக்கிற இடம் இரண்டும் அவளுக்கு வெகு தூரம். காலை அகட்டி, குழாயைப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கண்ணோடு அந்தக் குழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வெளியே நான். என் பின்னால் வாளியோடு ஆட்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் நான் கதவைத் தட்டுவேன்.

"ஆச்சாம்மா?"

"வரலப்பா."

"முக்கும்மா. ஆள் நிக்கிறாங்க பாரு."

முக்கினாலும் வராது. வேறொருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு வருமா? அவளை வெளியே இழுத்துவிட்டு நான் உள்ளே போவேன். பிறகு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

கொஞ்ச நாளில், எனக்கு வரவில்லை, என்னை எழுப்பாதே என்று சொல்ல ஆரம்பித்தாள். நிம்மதி என்றுதான் நினைத்தேன். போகாமலே இருந்தால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகிவிடும். இறுகியது வெளியே வரும்போது வலிக்கும். வலித்தால் அடுத்த தடவை இன்னும் பயந்து இன்னும் அடக்கத் தோன்றும். ஒரு நாள் அவளுக்குக் கிழித்துக்கொண்டு ரத்தமும் வந்தது. அதற்குப் பிறகு, வயிற்றில் வந்து முட்டும்போதெல்லாம் வாசற்படித் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். நுனிக்காலில் நின்று, இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, முகம் சிவக்கத் திரைத்துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஏதோ புது விளையாட்டு என்று நானும் என் மனைவியும் சிரித்திருக்கிறோம்.

எதிர் போர்ஷன் அம்மாள் நல்ல மனதோடு ஒரு வைத்தியம் சொன்னார். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துச் செருகினால் உடனே வந்துவிடும் என்றார். என் மகள் கத்தினாள். நான்தான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் வந்தது. சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவள் என் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து அவளுடைய ஜட்டியில் கறை வர ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு தினமும். தண்ணியாக இருந்ததால் வயிற்றால் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். கீரையை நிறுத்தினேன். மாதுளம் தோலைக் கொதிக்கவைத்து, மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். அப்புறம் என் வேலையில் நான் கற்ற பாடத்தையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வேன் வருவதற்கு முன்னால் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்காதே, ஸ்கூலிலும் தாகம் எடுத்தால் வாயை நனைத்துக்கொள், அப்பா அப்படித்தானே சமாளிக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் சொல்வதை அப்படியே செய்கிற பிள்ளை.

வயிறு அடைத்துக் கிடந்த பிள்ளைக்கு இன்னும் அடைத்துக்கொள்வதற்கு என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்துகொண்டிருந்தேன். அதோடு திட்டவும் செய்தேன். இவ்வளவு பெரிய பெண்ணுக்குச் சொல்லத் தெரியாதா என்று குழாயடியில், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்டேன். துணியை அலசிக்கொண்டிருந்த என் மனைவி, "கத்தாத. எனக்குக் காது கேக்குது," என்றாள்.

ஒரு நாள் காலை லைனில் நிற்கும்போது சூபர்வைசர் வந்து, உன் பெண்ணின் ஸ்கூலிலிருந்து போன் என்றார். எங்கள் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். அதனால் ஆபீஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். அடிபட்டுவிட்டதோ என்று பயந்து பர்மிஷன் போட்டுவிட்டு, பக்கத்து லைன் நண்பரின் பைக்கை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அடியெல்லாம் படவில்லை. வகுப்புக்கு வெளியே கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையை யாரோ அலசிவிட்டு ஈரத்தோடு மாட்டிவிட்டிருந்தார்கள். டீச்சர் கோபமாக எதுவும் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், யாரும் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள், சில பெற்றோரும் சொல்லிவிட்டார்கள், இது சரியாகிற வரைக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் சரி மேடம், சரி மேடம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

மகள் என் சட்டை நுனியைப் பிடித்தாள். "நான் அடக்கிக்கினுதாம்ப்பா இருந்தேன். அதுவா வந்துடுச்சு."

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். பைக் நண்பருடையது. அவருடைய சீட்டில் ஏதாவது பட்டுவிட்டால் என்ன சொல்வது என்று எனக்கு ஒரு எண்ணம். புதுசாகச் செய்த கார் சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புவோம். கிழிந்துபோன உறைகளை மழைக்குப் பையைச் சுற்றிக்கொள்ள நாங்கள் எடுத்துக்கொள்வோம். அப்படி ஒன்று என் பையில் இருந்தது. அதை மடித்து பைக் சீட்டில் விரித்தேன். அதன் மேல் என் மகளை உட்காரவைத்தேன்.

அவள் கீழே தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "புது சீட்டாப்பா?"

ஆமாம் என்றேன்.  வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த பிளாஸ்டிக் சரசரவென்று சத்தம் போட்டது. ஒரு கார் சீட் மேல் அழுக்குப் படக்கூடாது என்று போடுகிற உறை அது. நான் அதை எதன் மேல் எது படக்கூடாது என்று போட்டேன் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலம் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிளாஸ்டிக்கைத் தவிர. நாளைக்கு லீவு போட்டுவிட்டு நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, நீயே டாக்டரிடம் சொல் என்றாள். "நானே எல்லா எடத்துலயும் தல குனிஞ்சாச்சு. நீயும் ஒரு தபா போ."

ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம். உள்ளே ஒரு லேடி டாக்டர். பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, எது கொடுத்தும் நிற்கவில்லை என்றேன். அவர் மகளைப் படுக்கவைத்து வயிற்றை மெதுவாக அமுக்கினார். பிறகு என் கையைக் கேட்டு வாங்கி, இடது பக்கம் கீழ்வயிற்றில் வைத்து அழுத்திக் காட்டினார். உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது.

"இதெல்லாம் வெளிய போக வேண்டியது," என்றார். "எத்தன நாளா அடைச்சிக்கிட்டு இருக்கோ. பின்னாடி இருக்கறது மட்டும் தண்ணியா ஓரத்துல ஒழுகுது. இது வயித்துப்போக்கு இல்லப்பா. மலச்சிக்கல்."

குழாயில் கல் அடைத்துக்கொண்டால் ஓரத்தில் கசியும் இல்லையா, அது மாதிரி. கசிவது பிள்ளைக்கே தெரியாதாம். ரொம்ப நாள் அடைத்து வைத்ததில் குடல் விரிந்துபோய், வருகிறது என்கிற உணர்வே மங்கிவிடுமாம். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, சோம்பேறித்தனமும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் மாதுளம் தோலைப் பற்றியும் வெற்றிலைக் காம்பைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"நீ எவ்ளோ தண்ணி குடிப்பம்மா?"

"வேனுக்கு முன்னாடி அர டம்ளரு. ஸ்கூல்ல குடிக்க மாட்டேன்."

"ஏன் குடிக்க மாட்ட?"

"ரிலீவர் இல்லல்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. "யாரும்மா அது?"

மகள் என்னைக் கை காட்டினாள். நல்ல மார்க் வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி முகம் மலர்ந்து சொன்னாள்: "எங்கப்பா லைட்டே போட மாட்டாரு. அடக்கிப்பாரு."

மஞ்சள் விளக்கைப் பற்றி நானே விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு அடுத்து நின்றவர் ஏதோ கம்பெனி யூனிஃபார்மில் இருந்தார். முதலில் சிரித்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் எங்கேயோ ஒரு லைனில் நிற்கிறவராக இருக்கலாம்.

டாக்டர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை. மலத்தை இளக்குவதற்கு ஒரு மருந்து எழுதினார். இறுகினது எல்லாம் வெளியே வர முதலில் சில நாள் ஆகும், அப்போது நிறையப் போகும், பயப்படாதீர்கள் என்றார். அதற்குப் பிறகும் பல மாதம் தொடரவேண்டும், நன்றாகப் போகிறது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது, என்னிடம் காட்டிவிட்டுத்தான் குறைக்கவேண்டும் என்றார். தினமும் சாப்பிட்டதும் உட்காரவையுங்கள், சாப்பிட்ட பிறகுதான் குடல் தானாக வேலை செய்யும். பாதம் இரண்டும் கெட்டியாகப் பதிந்திருக்கவேண்டும். கதவுக்கு வெளியே யாரும் நிற்கக்கூடாது. வராவிட்டாலும் உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள். காம்பு, சோப்பு என்று எதையும் செருகவேண்டாம். பழம், கீரை, தண்ணீர் எல்லாவற்றையும் திரும்பக் கொடுங்கள். இவ்வளவும் சொல்லி முடித்து, சீட்டை என் கையில் கொடுக்கும்போது கேட்டார்: "நீங்க தண்ணி குடிப்பீங்களாப்பா?"

நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மருந்து கொடுப்பது சுலபமாக இருந்தது. இறுகினது இளகி வெளியேறிய அந்தச் சில நாட்கள் கஷ்டமான நாட்கள். இருவரும் மாற்றி மாற்றி லீவு போட்டுச் சமாளித்தோம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பயம் அவள் வயிற்றை விட்டுப் போனாலும் மனதை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டதும் உட்காரவைக்க அவளுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும். யாரும் கதவைத் தட்டாத கக்கூஸ். காலையில் அது நடக்காது. ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்புறம் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் வேலை முடிந்து வந்தவர்கள் குளிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள் என்று எல்லாரிடமும் கேட்கவேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள்.

நான் இரண்டு நாள் கேட்காமலே ஓட்டினேன். மூன்றாம் நாள் என் மனைவி, "நீ கேக்குறியா, நான் கேக்கட்டா?" என்றாள். குழாயடிக்குப் போனேன். பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, டாக்டர் ஒரு மாதிரி சொல்லியிருக்கிறார் என்று சுற்றி வளைத்தேன். கடைசி போர்ஷனில், கம்பெனியில் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிற திருநெல்வேலிக்காரர் இருந்தார். தலையில் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எண்ணே, பிள்ளைக்கு வெளிக்கு வரல, அம்புட்டுதானே? இதுக்கா இப்படி நெளியுதிய? எங்க அக்கா மவனுக்கும் இதேதான் இருந்துச்சு. அந்த ஓரத்துக் கக்கூஸ அவளுக்கு விட்டுருவோம். நான் நுரையோட நின்னுக்கிடுதேன், போங்க."

அவ்வளவுதான். எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்கள். எந்தச் சத்தத்துக்குப் பயந்து மகளை அத்தனை நாளாக விரட்டினேனோ, அந்த வாளிக்காரர்கள் இவர்கள்தான்.

கால் எட்டாத கஷ்டத்துக்கு நானே ஒரு வேலை செய்தேன். எங்கள் லைனில் ஒரு ஆளுக்குச் சாமான் எட்டவில்லை என்றால், ஆளை இன்னும் எட்டச் சொல்லமாட்டார்கள். சாமான் வைக்கிற இடத்தைக் கிட்டத்தில் கொண்டுவருவார்கள். வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதை வீட்டில் நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. கடையில் இரண்டு பலகைத் துண்டு வாங்கி, வழுக்காமல் இருக்க அடியிலும் மேலும் ரப்பர் ஒட்டி, அவள் பாதம் வருகிற தூரத்துக்குக் குழியின் இரண்டு பக்கமும் அசையாமல் உட்காருகிற மாதிரி செய்தேன். குழியும் பாதி மறைந்தது. கைக்குப் பிடித்துக்கொள்ள நைலான் கயிறு ஒன்றைக் குழாயில் கட்டிவிட்டேன். அவள் ஏறி நின்று பார்த்துவிட்டு, "இது எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

ஆனாலும் வரவில்லை. உட்காருவாள், கயிற்றைப் பிடித்துக்கொள்வாள், எழுந்து வந்துவிடுவாள். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் டம்ளரை நீட்டினால் பாதியில் கீழே வைத்துவிடுவாள். ஒரு நாள் அவள் உள்ளே இருக்க, நான் டாக்டர் சொன்னபடி தள்ளிப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா. நீ நாளைக்கு ஃபுல்லா ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போறியா?"

"போறேம்மா."

"அப்புறம் லைட்டு போடுவியா?"

"போடறேன்."

"அப்ப நானும் அடக்க மாட்டேன்."

மறுநாள் காலை அவள் தூக்கத்திலிருந்து தானாகவே எழுந்து வந்து நின்றாள். அவள் முன்னால் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். லைனில் நின்று கொஞ்ச நேரத்திலேயே முட்ட ஆரம்பித்தது. கையைத் தூக்கி சுவிட்சுக்குக் கிட்டே கொண்டுபோனேன். லைன் லீடர் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு லைன் கொஞ்சம் பின்தங்கி இருந்தது. கையை இறக்கிவிட்டேன். சாப்பாட்டு பெல் அடிக்கும்வரை காலை மாற்றி மாற்றி நின்றேன். திரைக்குப் பின்னால் அவள் நின்றாளே, அதே மாதிரிதான்.

சாயங்காலம் வாசலிலேயே கேட்டாள்.

"போட்டியாப்பா?"

"போட்டேன்."

"யாரு வந்தா?"

"ஒரு அண்ணன் வந்தாரு."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். சாப்பிட்டாள். பலகைமேல் போய் உட்கார்ந்தாள். நான் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.  பிறகு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் குரல்: "அப்பா, வந்துடுச்சு. வலிக்கவேயில்ல."

குழாயடியில் சோப்பு நுரையோடு நின்றிருந்த திருநெல்வேலிக்காரர் கை தட்டினார். என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். எதிர் போர்ஷன் அம்மாளும் வாசலுக்கு வந்து பார்த்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளுக்குக் கால் கழுவிவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி காதுக்குக் கிட்டே சொன்னாள்: "நீ லைட்டு போட்டல்ல, அதான் எனக்கும் வந்துச்சு."

வந்தது மருந்தினால் என்று எனக்குத் தெரியும். பலகையினால், கீரையினால் என்றும் சொல்லலாம். ஆனால் அவள் பயத்தை விட்டது என் வார்த்தையை நம்பித்தான். கையைப் பிடித்து வைத்தியம் செய்தது, மாதுளம் தோல், அரை டம்ளர் தண்ணீர், எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரியாது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பிளாஸ்டிக்குக்குக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்க்கு அப்படி எதுவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி என் மனைவி பாயசம் வைத்தாள். என் பங்கை மகளுடைய டம்ளரில் ஊற்றிவிட்டேன்.

மறுநாளும் ஒரு டம்ளர் குடித்தேன். முட்டினதும் யோசிக்காமல் சுவிட்சை அமுக்கினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. லைன் லீடர் திரும்பிப் பார்த்து, "இன்னாபா, நீயா? இன்னிக்கு மழதான்," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ரிலீவராக வந்தது ஒரு சின்னப் பெண். கையுறையை மாட்டிக்கொண்டே, போயிட்டு வாங்கண்ணா என்றாள். போய்விட்டு வந்தேன். லைன் நிற்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

சாயங்காலம் மகள் கேட்பதற்குள் நானே சொன்னேன்.

"இன்னிக்கி லைட்டு போட்டேம்மா. ஒரு அக்கா வந்தாங்க."

"நேத்து அண்ணன் வந்தாருன்ன?"

"நேத்து யாரும் வரல. நான் போடல. போட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நம்பமாட்டாள், இனி உட்காரமாட்டாள், எல்லாம் முதலிலிருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப அடக்கிக்கினியா?"

"ஆமா."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

 இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மிரட்டுகிற தோரணையில் சொன்னாள்: "இன்னொரு தபா அடக்கின, டாக்டராண்ட சொல்லிக்குடுத்துடுவேன்."

சாப்பிட்டுவிட்டு பலகைமேல் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. பிறகு பல மாதம் மருந்து, நடுவில் சில நாள் மறுபடியும் கறை, மறுபடியும் ஆஸ்பத்திரி. ஸ்கூலில் டாக்டர் சொன்னதை டீச்சரிடம் சொன்னேன். கேட்டவுடன் வெளியே விடுகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். அவள் திரும்பப் போனாள். பக்கத்தில் உட்காரப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

நான் பொய்யை ஒத்துக்கொண்டதற்கு மறுநாள் காலை, நான் தண்ணீர் குடிக்கும்போது அவள் எதிரே நின்றாள். கடைசி மிடறு இறங்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அந்த ஒரு சொட்டுக்கும் முறைத்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டு வா என்றாள்.